கிணற்றடித் துத்தி

ராயபுரம்,
6 பிப்ரவரி 2023

அன்புள்ள லோவிசாளுக்கு,

அக்கா பெர்சிஸ் எழுதுவது. நீயும் ஜெனிஷும் மருமகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். சர்ச்சில் என் பெஞ்சில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு நான் ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். உன் மருமகள்தான் என் மகன் ஜெரியிடம் போனில் சொல்லியிருக்கிறாள். அது பொய். மூன்றாவது பெஞ்சு என்னுடையது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வேறு யாரும் அங்கே உட்காராதது அவர்களுடைய மரியாதை. நான் போகாததற்குக் காரணம் என்னால் உட்கார முடியவில்லை. பிரசங்கம் முடிந்து எழுந்தால் புடவையில் ரத்தக் கறை.

இதைப் போனில் சொல்ல முடியாது. உனக்குக் காது கேட்காது. உன் மருமகள் வாங்கி உன் காதில் கத்துவாள். நாசரேத் கடைத்தெரு முழுக்கக் கேட்கும். அதனால் கடிதம். கவரின் எல்லா ஓரத்திலும் பசை வைத்திருக்கிறேன். நீயும் அப்படியே ஒட்டி அனுப்பு.

அம்மாவுக்கு இருந்த அதே மூலம்தான். ஒரு வருஷமாகிறது. வண்ணாரப்பேட்டையில் ஒரு மூல வைத்தியரிடம் போனேன். "படுங்கம்மா, பாக்கணும்" என்றார். பார்க்காமல் கொடுக்கக்கூடிய மருந்து இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் எழுந்து போகிறேன் என்றேன். கொடுத்தார். போர்டிங்கில் குளிக்கும்போதுகூடப் பாவாடையை அவிழ்க்காமல் வளர்ந்தவர்கள் நாம். இந்த வயதில் ஓர் ஆண்பிள்ளை முன்னால் அப்படிப் படுக்க என்னால் ஆகாது.

உன் கிணற்றடியில் துத்தி நிற்கிறதா? அம்மா விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவாளே. இலையைக் காயவைத்து, நம் கடைக்குக் கருப்பட்டி ஏற்றிவரும் லாரியில் லட்சுமணனிடம் கொடுத்துவிடு. கேட்டால் தலைக்குத் தேய்க்க என்று சொல்.

அங்கே சர்ச்சில் என் பெயருக்கு ஜெபக் குறிப்பு எழுதிப் போடாதே. போதகர் பெயரோடு வியாதியையும் சேர்த்து வாசிப்பார்.

உன் வீட்டில் சமாதானம் இருக்கட்டும்.

பெர்சிஸ்


நாசரேத்,
20 பிப்ரவரி 2023

அன்பான அக்காவுக்கு,

லோவிசாள் வணங்கி எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைத்தான் தினமும் கேட்டு ஜெபிக்கிறேன், வாய்க்குள்ளேயே. யாருக்கும் சொல்லவில்லை.

துத்திக்கு என்ன குறை அக்கா. கிணற்றடியில் என் உயரத்துக்கு நிற்கிறது, மஞ்சளாகப் பூத்து. ஜெனிஷ் வெட்டிப் போடப் பார்த்தான், நான்தான் விடவில்லை. இரண்டு பை காயவைத்து லட்சுமணனிடம் கொடுத்திருக்கிறேன். அவன் மோந்து பார்த்துவிட்டு, "இது தலைக்கா பாட்டி, வாலுக்கா?" என்று கேட்டான். வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டு என்றேன்.

நீங்கள் கவலைப்படாதீர்கள். இது நம் குடும்பத்துச் சொத்து. நான் ஜெனிஷைப் பெற்றதிலிருந்து எனக்கும் அவ்வப்போது வந்து போகிறதுதான். காரம் குறையுங்கள், மோர் குடியுங்கள்.

காது மிஷின் வாங்கித் தந்திருக்கிறார்கள். அது விசில் அடிக்கிறது. கோவிலில் மௌன ஜெபத்தின்போது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன்.

ஜெரிக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள்.

தங்கை,
லோவிசாள்


ராயபுரம்,
15 மார்ச் 2023

அன்புள்ள லோவிசாளுக்கு,

அங்கே அனைவரும் சுகம் என்று எழுதியிருந்தாய். அது அப்படியே இருக்கட்டும். இங்கே அப்படி இல்லை.

இலை அனுப்புவதை நிறுத்திவிடு. வந்ததையும் குப்பையில் போட்டுவிட்டேன். இது மூலம் அல்ல.

சென்ற மாதக் கடைசியில் ஜெரியின் வீட்டிலிருந்து மாத்தூரில் ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் வரிசையாக நின்றுவிட்டன. இரண்டு லாரிகளுக்கு நடுவில் ஆட்டோவில் மயங்கிவிட்டேன். சீட்டெல்லாம் ரத்தம். ஆட்டோக்காரர் மஜீது என்னைத் தூக்கிக்கொண்டே நடந்து அடுத்த சந்தில் வேறு வண்டி பிடித்தாராம். அவருக்குப் புதுச் சீட்டுறை வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். மகிழினி என்று பெயர். என் பேத்தி வயதுதான் இருக்கும். என் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன். அவள், "அம்மா, நான் பாக்காம ஒரு மாத்திரைகூட எழுத மாட்டேன். கோவம் வந்தா திட்டிக்கிட்டே படுங்க" என்றாள். படுத்தேன். திட்டவில்லை.

உள்ளே ஒரு கட்டி. கறுப்பாக இருந்ததாம். சதை எடுத்து அனுப்பி, முடிவு நேற்று வந்தது. மெலனோமா. மச்சத்துக்கு நிறம் தருகிற அணுக்களில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் தோலில் வருவது, அந்த வியாதி வந்தவர்களில் நூற்றில் ஒருவருக்குத்தான் இப்படி ஆசனவாயில் வருமாம். அவள் இதுவரை மூன்று பேரைத்தான் பார்த்திருக்கிறாள். அபூர்வமாக வருவதால் எல்லோரும் மூலம் என்றே நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்களாம்.

யாரிடமும் சொல்லாதே. கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

பெர்சிஸ்


நாசரேத்,
27 மார்ச் 2023

என் அன்பான அக்காவுக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மருமகள் வந்து, "மாமி, வெங்காயமே உரிக்கல, எதுக்கு அழுதிய?" என்று கேட்டாள். கண்ணில் புகை என்றேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

நம் அப்பா அம்மா வழியில் யாருக்கும் இப்படி இல்லையே. உங்களுக்கு ஏன். நான் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

உங்களைச் சிரமப்படுத்துவதாக நினைக்காதீர்கள். சில விஷயம் டாக்டரம்மாவிடம் பொதுவாகக் கேட்டு எழுதுங்கள். கட்டி கறுப்பு என்கிறார்களே, அது உள்ளேயே இருக்குமா, வெளியே கைக்குத் தட்டுப்படுமா? வலி உண்டா? வலியே இல்லாமல் ரத்தம் மட்டும் போனால் அது மூலம்தான், பயம் இல்லை என்று அம்மா சொல்வாளே, அது சரிதானா? எவ்வளவு நாள் ரத்தம் போனால் சந்தேகப்பட வேண்டும்? இங்கே பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் யாராவது கேட்டால் சொல்லலாமே என்றுதான்.

உங்களைத் தாங்குகிற கரம் சோர்ந்துபோகாது.

லோவிசாள்


ராயபுரம்,
10 ஏப்ரல் 2023

அன்புள்ள லோவிசாளுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். ஆராதனையை டிவியில் பார்த்தேன், சாய்ந்து படுத்துக்கொண்டு.

உன் கேள்விகளுக்குப் பதில். எனக்கு வலி இருக்கவில்லை. அம்மா சொன்னது தவறு. உள்ளே இருந்தது, கைக்குத் தட்டுப்படவில்லை. எவ்வளவு நாள் என்று கணக்கே இல்லை, ரத்தம் கண்டால் காட்ட வேண்டும். மகிழினி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க சங்கத்துல கேக்குறவங்களை நேர்ல வரச் சொல்லுங்க. லெட்டர்ல யாருக்கும் டெஸ்ட் பண்ண முடியாது." சங்கத்தில் யார் கேட்டது?

என் விஷயம். பரவியிருக்கிறதா என்று உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். தொடையிடுக்கில் ஒரு நெறிகட்டி மட்டும். மற்ற இடம் சுத்தம். எனக்கு இரண்டு வழி சொன்னாள். கட்டியை மட்டும் சுற்றி வெட்டி எடுப்பது ஒன்று. ஆசனவாயையும் குடலின் கடைசிப் பகுதியையும் எடுத்துவிட்டுத் தைத்து மூடி, இடதுபக்க வயிற்றில் துளையிட்டுப் பை மாட்டுவது இன்னொன்று. பையை ஆயுசுக்கும் கழற்ற முடியாது. பொதுவாகச் சிறியதே போதும் என்பாளாம். என் கட்டி தசைக்குள் இறங்கிவிட்டதால் அதில் மிச்சம் இருந்துவிடும் என்றாள்.

பெரிய ஆபரேஷன் செய்தால் எத்தனை வருஷம் என்று கேட்டேன். ஜெரி, சொல்லாதீர்கள் என்கிற மாதிரி அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் என்னிடமே சொன்னாள். "நூறு பேர்ல இருபது பேர்கூட அஞ்சு வருஷத்தைத் தாண்டுறதில்லைம்மா. பெரிய ஆபரேஷன் அந்தக் கணக்கைப் பெருசா மாத்தாது. ரத்தமும் வலியும் இல்லாம இருக்கறதுக்குத்தான் இது." பொய் சொல்லாத பெண். அவளிடம் என்னை ஒப்படைத்துவிட்டேன். அடுத்த வாரம்.

சமாதானமாக இரு.

பெர்சிஸ்


நாசரேத்,
18 ஏப்ரல் 2023

அன்பான அக்காவுக்கு,

ஆபரேஷனுக்கு முன் கிடைக்க வேண்டும் என்று ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். நான் கிளம்பி வந்து உங்கள் தலைமாட்டில் இருக்க வேண்டும். ரயிலில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து வர முடியாது. முழங்கால். ஜெனிஷிடமும் அதையே சொல்லிவிட்டேன்.

சங்கத்தில் கேட்டது வெளியூர்க்காரி, உங்களுக்குத் தெரியாது.

பை என்றால் பையாக இருக்கட்டும் அக்கா. உயிரோடு எழுந்து வாருங்கள்.

லோவிசாள்


ராயபுரம்,
30 மே 2023

அன்புள்ள லோவிசாளுக்கு,

எழுந்து வந்துவிட்டேன். நீ சுகமா? உன் கடிதம் என் தலையணைக்கடியில் இருந்தது.

முதலில் பையைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மலம் நம் விருப்பத்தைக் கேட்காமல் வருகிறது. சத்தமும் வருகிறது. வாழ்நாள் முழுக்கக் கதவைத் தாழிட்டுச் செய்த காரியம் இப்போது என் புடவை மடிப்புக்குப் பின்னால், மகன் பேரன் என்று ஆட்கள் நிற்கும்போதே நடக்கிறது. ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தேன். ஒன்றும் உள்ளே போகாவிட்டால் ஒன்றும் வராது என்று நினைத்தேன். வந்தது.

பக்கத்துக் கட்டிலில் கெங்கம்மா என்று ஒருத்தி. காசிமேட்டில் மீன் விற்கிறவள். அவளுக்கு அங்கே சாதாரணமாக வருகிற வேறு வகைப் புற்றுநோய், அவளுக்கும் பை. அவள் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னா யக்கா, மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? நானு நாப்பது வர்சம் கூடைய தலைல வச்சிகினு தெருத்தெருவா போனேன். இப்போ வவுத்துல கட்டிகினு போவப் போறேன். அவ்ளோதான் மேட்டரு."

அதை மீன்கூடையோடு ஒப்பிட முடியாது என்றேன்.

"ஏன், ஒன்னிது ரோசாப்பூ வாசனையா வருதா?" என்றாள்.

தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் கத்தும் அளவுக்குச் சிரித்துவிட்டேன். என்னோடு யாரும் இப்படிப் பேசியதில்லை. பையை மாற்ற அவளும் நானும் ஒன்றாகத்தான் கற்றுக்கொண்டோம்.

நெறிகட்டியிலும் அந்தக் கறுப்பு இருந்ததாம். அதையும் எடுத்தார்கள். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பதில் எழுது.

பெர்சிஸ்


நாசரேத்,
2 ஆகஸ்ட் 2023

அன்பான அக்காவுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னியுங்கள். சுகமாக இருக்கிறீர்கள் என்று ஜெரி போனில் சொன்னதை மருமகள் என் காதில் கத்தினாள். மனம் நிறைந்தது.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்கு இப்போது போவதில்லை, இரண்டு மணி நேரம் பாயில் உட்கார வைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் இளைத்திருக்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெயில்தான். மருமகளுக்கு என் துணியெல்லாம் தொந்தரவு வேண்டாம் என்று நானே துவைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கெங்கம்மாளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். என்ன தைரியம். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

அடுப்படி மேடையில் வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணல்.

லோவிசாள்


ராயபுரம்,
18 ஆகஸ்ட் 2023

அன்புள்ள லோவிசாளுக்கு,

எழுத்து கோணல் என்பது எனக்குத் தெரிந்தது. போர்டிங்கில் அழகுக் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நீ. உன் வீட்டில் மேஜை இருக்கிறது, நான்கு நாற்காலியும் இருக்கின்றன. ஏன் நின்றுகொண்டு எழுதுகிறாய்? முழங்கால் வலிக்கிறவர்கள் உட்காருவார்கள், நிற்க மாட்டார்கள்.

நேராகக் கேட்கிறேன். உனக்கு ரத்தம் போகிறதா?

என் செய்தி: முதல் ஸ்கேன் சுத்தம். போன ஞாயிறு சர்ச்சுக்குப் போனேன். மூன்றாவது பெஞ்சில் ரப்பர் வளையம் போட்டு உட்கார்ந்தேன். பிரசங்கத்தின் நடுவில் பை சத்தம் போட்டது. முன்னாலிருந்த குணசேகரன் சார் திரும்பினார். நான் அவரையே உற்றுப் பார்த்தேன். அவர் தன்னுடைய மனைவியைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

என் கேள்விக்குப் பதில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

பெர்சிஸ்


நாசரேத்,
5 நவம்பர் 2023

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதங்கள் மூன்றும் கிடைத்தன. ஸ்கேன் சுத்தம் என்று வந்ததற்கு ஸ்தோத்திரம்.

இங்கே நல்ல மழை. கிணறு கையெட்டும் அளவுக்கு நிறைந்திருக்கிறது. கோவில் அசன விருந்துக்கு இந்த முறை நான் காய் வெட்டப் போகவில்லை, மற்றபடி குறை இல்லை. ஜெனிஷ் கடை விஷயமாக இந்த மாதம் அங்கே வருவான். அவனிடம் கருப்பட்டியும் முறுக்கும் கொடுத்துவிடுகிறேன். அவன் சின்ன விஷயத்துக்கும் பயந்துவிடுகிற பிள்ளை, வியாதிப் பேச்சு அவனிடம் பேச வேண்டாம்.

நீங்கள் நலமாக இருப்பதே எனக்குப் போதும்.

லோவிசாள்


ராயபுரம்,
27 நவம்பர் 2023

அன்புள்ள லோவிசாளுக்கு,

கருப்பட்டி வந்தது. முறுக்கும் வந்தது. நீ சுகமாக இருக்கிறாய் என்று இந்த முறை நான் நம்பி எழுதவில்லை.

என் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ஸ்கேனில் ஈரலில் இரண்டு புள்ளிகள். நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிற ஊசி போடத் தொடங்கியிருக்கிறார்கள். சிலருக்குக் கேட்கும், பலருக்குக் கேட்காது. எனக்கு இதுவரை அரிப்பும் சோர்வும்தான் கண்ட பலன். மகிழினியிடம் அடுத்த கிறிஸ்துமஸ் என்றேன். "இந்தக் கிறிஸ்துமஸை நல்லாக் கொண்டாடுங்கம்மா" என்றாள். புரிந்துகொண்டேன். முன்பே வந்திருந்தால் என்று கேட்டேன். தெரியாது என்றாள், இது முன்பே கண்டாலும் அடங்காத வியாதி. ஆனால் நெறிகட்டிக்குப் போகும் முன் வந்தவர்களுக்குக் கொஞ்சம் வழி இருந்தது.

இனி உன் விஷயம். ஜெனிஷிடம் வியாதிப் பேச்சு எதுவும் பேசவில்லை. அவன்தான் என் வீட்டு மாடி ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "கிணத்தடில நின்ன துத்தியெல்லாம் மொட்டையாயிட்டு பெரியம்மா. இலைன்னு ஒண்ணு இல்ல. அம்மா ஒங்களுக்குப் பறிச்சுப் பறிச்சு ஓஞ்சு போயிட்டா" என்றான். கையிலிருந்த காபியைக் கீழே வைத்தேன்.

லோவிசாள், மார்ச் மாதத்திலிருந்து எனக்கு ஓர் இலைகூட வரவில்லை. நான்தான் நிறுத்தச் சொன்னேன். மழையில் தானாகத் தழைக்கிற செடியை, ஆள் உயரம் நின்றதை, யார் மொட்டையாக்கியது? நீ கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பப் படித்தேன். வெளியூர்க்காரி யாரும் இல்லை. உன் துணியை நீயே துவைக்கிறாய். உட்காராமல் எழுதுகிறாய்.

உனக்கும் என் வியாதி என்று நான் சொல்லவில்லை. இது அக்கா தங்கைக்குள் வருவது அல்ல என்றாள் மகிழினி. உன்னுடையது வெறும் மூலமாக இருக்கலாம், சுலபமாகக் குணமாகிற வேறொன்றாக இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். இலைக்குக் கண் இல்லை.

ஊசி போடும் வார்டில் கெங்கம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "இன்னாக்கா நீ. இத்தினி நாளா தங்கச்சிக்கு வெக்கத்த மட்டும் பார்சல் கட்டி வுட்டுகினு இருந்திருக்க" என்றாள்.

அதனால் நேற்று ஒரு காரியம் செய்தேன். சர்ச்சில் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். போதகர் எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, வெறும் சுகவீனம்னு வாசிக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி வாசியுங்கள் என்றேன். வாசித்தார். "பெர்சிஸ் அம்மாள். ஆசனவாயில் புற்றுநோய். ஈரலுக்குப் பரவியிருக்கிறது." வானம் இடிந்து விழவில்லை. ஆராதனை முடிந்ததும் இரண்டு பெண்கள் மணிக்கூண்டுப் பக்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முதலில் எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். ஒருத்திக்கு முப்பத்தைந்து வயதுகூட இராது. வியாழக்கிழமை அவளை மகிழினியிடம் கூட்டிப்போகிறேன்.

உன்னைக் கூட்டிப்போக என்னால் இனி அவ்வளவு தூரம் வர முடியாது. திருநெல்வேலியில் ஒரு பெண் டாக்டரை மகிழினி விசாரித்து, பேசியும் வைத்திருக்கிறாள். விலாசம் பின்பக்கம் இருக்கிறது. ஜெனிஷின் வண்டியில் பின்சீட்டில் படுத்துக்கொண்டு போ. அவள், "பாக்கணும்" என்பாள். திட்டிக்கொண்டே படு.

பதினைந்து நாள் பார்ப்பேன். பதில் வராவிட்டால் போன் செய்து உன் மருமகளிடம் எல்லாவற்றையும் சொல்வேன். அவள் உன் காதில் கத்தட்டும். கடைத்தெரு கேட்கட்டும்.

மழையைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் எழுத வேண்டாம். கவர் வேண்டாம், பசை வேண்டாம், தபால்காரர் படித்தால் படிக்கட்டும். டாக்டரிடம் காட்டினாயா, அவள் என்ன சொன்னாள் என்று ஒரு கார்டில், உன் கையால், எனக்கு எழுதிப் போடு.

உன் அக்கா,
பெர்சிஸ்